ஒளியை விட வேகமாகப் போகும் பெட்டி

என் பேராசிரியரை அந்த மேடையில் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் கட்டிக்கிடந்தன. ஆண்கள் வலை தைத்துக்கொண்டும் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டும் கரையிலேயே இருக்கும் மாதங்கள் அவை. ஊரில் எந்தக் கூட்டம் போடுவதானாலும் அப்போதுதான் போடுவார்கள். கல்யாணமாகி நான் தருமபுரத்துக்கு வந்துவிட்டாலும் பிறந்த ஊரின் மீனவச் சமுதாயக் கூடத்தில் என்ன நடந்தாலும் அண்ணன் போன் செய்து சொல்லிவிடுவார். அப்பா போன பிறகு படகை ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர் அவர். நான் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர். "உன் பாட சம்பந்தமா என்னமோ கருவியாம், நீயும் வந்து பாரு" என்றார்.

போனேன். மேடையில் நான்கு நாற்காலி. இரண்டில் பஞ்சாயத்தார். ஒன்றில் சட்டைப் பையில் மைக் மாட்டிய கம்பெனிக்காரர். நான்காவதில் பொன்னாடை போர்த்தியபடி என் பேராசிரியர். கல்லூரியில் எனக்கு மூன்று வருஷம் பாடம் எடுத்தவர். வீட்டில் அவரைப் பற்றி நான் பேசாத நாள் கிடையாது. ஒளியின் வேகத்தைப் பற்றி அவர் பாடம் எடுத்த வாரம், கரும்பலகையில் எழுதியதை அழிக்க மனசில்லாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனோம் என்று அண்ணனிடமும் அண்ணியிடமும் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும்.

கம்பெனிக்காரர் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். சாப்பாட்டு டப்பா அளவு. மேலே சிவப்புப் பொத்தான், பக்கத்தில் பச்சை விளக்கு. கடலில் ஆபத்து வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். செய்தி கரைக்குப் போய்விட்டால் விளக்கு எரியும். சாட்டிலைட் வேண்டாம், டவர் வேண்டாம், வயர்லெஸ் வேண்டாம். இது புது மாதிரி சிக்னல், ஒளியை விட வேகமாகப் போகும் என்றார். சொல்லிவிட்டு, கூடத்தின் கடைசி வரிசையில் இருந்தவரிடம் பெட்டியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்தியதும் மேடையில் இருந்த பஞ்சாயத்தாரின் செல்போன் அடித்தது. கூடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது.

நான் பேராசிரியரைப் பார்த்தேன். இப்போது எழுந்துவிடுவார், இப்போது மைக்கை வாங்குவார் என்று காத்திருந்தேன். அவருக்கு மைக் கொடுத்தார்கள். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்துவிட்டது, நம் கடலோர மக்களுக்கு அது வந்து சேர வேண்டும், இளைஞர்கள் முயற்சிக்கு ஆதரவு தர வேண்டும் என்று ஐந்து நிமிஷம் பேசினார். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

அதனால் நான் எழுந்தேன். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் கிடையாது. "ஒளியை விட வேகமா எதுவும் போக முடியாதுங்க" என்றேன். ஏன் முடியாது என்று கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். வகுப்பில் என்றால் பலகையில் எழுதிக் காட்டியிருப்பேன். அங்கே இருநூறு முகமும் என் பக்கம் திரும்பியிருந்தன. அவசரத்தில் கடைசிப் பாதியைத்தான் முதலில் சொன்னேன்.

"அப்படி ஒரு செய்தி போனா, நீங்க கூப்பிடுறதுக்கு முன்னாடியே கூப்பிட்டது கரையில கேட்டுரும். அது எப்படி நடக்கும்?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மேடம் படிச்சவங்க. சரியாச் சொல்லிட்டாங்க" என்று கூட்டத்தைப் பார்த்தார். "ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே கரைக்குத் தெரிஞ்சிரும். இதைத்தான் நான் கடைசியாச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

கை தட்டினார்கள். முடியவே முடியாது என்பதற்கு நான் சொன்ன காரணமே அவர் சரக்கை விற்றுக் கொடுத்தது. நான் மறுபடி வாய் திறந்தபோது பஞ்சாயத்தாரில் ஒருவர், "உக்காரும்மா, அய்யாவே இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாததா" என்றார். அய்யா தன் முன்னால் இருந்த இளநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அவர் தலையை இடமும் வலமும் ஆட்டியிருந்தால் போதும். வாயைக்கூடத் திறந்திருக்க வேண்டாம்.

அன்று மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி மத்தி மீன் குழம்பு வைத்திருந்தார். அண்ணனிடம் முதலிலிருந்து சொன்னேன். கூடத்தில் சொல்லத் தெரியாததை எல்லாம் சொன்னேன்.

படகு மணிக்குப் பத்து நாட்டிக்கல் மைல் வேகத்தில் போகிறது, அதன் மேல்தளத்தில் ஒருவர் முன்பக்கமாக இரண்டு நாட்டிக்கல் வேகத்தில் நடக்கிறார், கரையிலிருந்து பார்த்தால் அவர் வேகம் பன்னிரண்டு. அண்ணன் தலையாட்டினார். அதே படகில் ஒரு விளக்கைப் போட்டால், அதன் வெளிச்சம் கரைக்காரருக்கு ஒளியின் வேகத்தோடு பத்தும் சேர்த்துத்தானே வர வேண்டும்? வராது. படகு எவ்வளவு வேகமாகப் போனாலும், நம்மை நோக்கி வந்தாலும் விலகிப் போனாலும், வெளிச்சம் எல்லாருக்கும் ஒரே வேகம்தான். அளந்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் வந்தது. அந்த ஒன்று மாறாது என்றால் மற்றவை விட்டுக்கொடுக்க வேண்டும். ஓடுகிறவருக்கும் நிற்கிறவருக்கும் நேரம் ஒன்றாக ஓடாது, தூரம் ஒன்றாக இருக்காது. நம் படகு, பஸ், ரயில் வேகத்துக்கெல்லாம் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் நாம் நம்ப மாட்டோம்.

அண்ணன் கேட்டார், பெரிய இன்ஜினாகப் போட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று. நல்ல கேள்வி. தள்ளலாம், ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க நீங்கள் ஊற்றுகிற டீசலுக்கு வேகம் கூடுவது குறைந்துகொண்டே போகும் என்றேன். முதலில் ஊற்றிய அளவுக்குக் கிடைத்த வேகம், கடைசியில் அதைப்போல ஆயிரம் மடங்கு ஊற்றினாலும் கிடைக்காது. அந்த வேகத்தைத் தொட உலகத்து டீசல் அத்தனையும் போதாது.

"தண்ணி இழுக்குதா?" என்றார்.

"இல்லண்ணே. தண்ணி இல்ல, காத்து இல்ல, ஒண்ணுமே இல்லாத இடத்துலயும் இதுதான். தடுக்குறதுக்கு அங்க எதுவும் இல்ல. இடமும் நேரமும் ஒண்ணோட ஒண்ணு அப்படிக் கட்டிக்கிடக்கு."

ஒளிக்கு மட்டும் எப்படி அந்த வேகம் என்றார். அதற்கு நிறை இல்லை, அதனால்தான் என்றேன். நிறை இல்லாத எதுவும் அந்த வேகத்தில்தான் போகும், நிறை உள்ள எதுவும் அதைத் தொடாது. செய்திக்கு நிறை கிடையாதே, அது தாண்டலாமே என்று பார்த்தால், அதற்குத்தான் கூடத்தில் சொன்ன காரணம். ஓடுகிறவர் நேரமும் நிற்கிறவர் நேரமும் வேறு வேறு. ஒளியை முந்துகிற செய்தி ஒன்று இருந்தால், வேகமாகக் கடந்து போகிற யாரோ ஒருவர் கணக்கில் அது கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். அதற்கு அவர் வழியாகப் பதில் அனுப்பினால், நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே பதில் உங்கள் கைக்கு வந்துவிடும். கேட்காத கேள்விக்குப் பதில். உலகம் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சொன்னது புரிந்ததா என்று கேட்டேன். பாதி புரிந்தது என்றார். பிறகு சொன்னார்:

"எனக்கு அந்த வேகம் எல்லாம் வேணாம் பாப்பா. நான் கூப்பிட்டா ஒருத்தர் காதுல விழுந்தாப் போதும்."

முந்தின வருஷம் இன்ஜினில் தண்ணீர் ஏறி நின்றபோது அவர் வயர்லெஸ்ஸில் காலையிலிருந்து மதியம் வரை கூப்பிட்டிருக்கிறார். கரையில் ஊர்ச் சங்கத்தின் வயர்லெஸ் அறை பூட்டிக் கிடந்திருக்கிறது. சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடைசியில் பக்கத்தில் வந்த படகுதான் கட்டி இழுத்து வந்தது. இதை அவர் என்னிடம் அதுவரை சொல்லவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரியும், யாரோ கேட்டுவிட்டார்கள் என்று தெரியும், அது போதும் என்றார்.

நாற்பது நாட்டிக்கல் தூரத்திலிருந்து வயர்லெஸ் குரல் கரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்றை நாலாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு. வயர்லெஸ் அலையும் ஒளியின் ஜாதிதான், அதே வேகம்தான். எங்கள் ஆட்களுக்கு ஒளியின் வேகம் ஒரு நாளும் குறையாக இருந்ததில்லை. தாமதம் முழுக்க அந்தப் பூட்டில் இருந்தது. இதை அண்ணனிடம் கோபமாகச் சொன்னேன். பூட்டைப் பற்றிச் சங்கத்தில் பேசுங்கள், பெட்டியை வாங்காதீர்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

வாங்கினார். ஊரில் பாதிப் படகுகளில் ஏறியது அந்தப் பெட்டி. மாட்ட வந்த ஆள், பேட்டரி இணைப்பு வேண்டும் என்று வயர்லெஸ் செட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தான். அண்ணியே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

தடைக்காலம் முடிந்து மூன்றாவது மாதம். வியாழக்கிழமை கரைக்கு வர வேண்டிய படகு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை அம்பகரத்தூர் பக்கம் பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபோது அண்ணி போன் செய்தார். படகில் அண்ணன், மூன்று ஆட்கள், கூட அண்ணியின் தம்பி. வழியிலேயே இறங்கித் திரும்பினேன். கம்பெனி எண்ணுக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, மதியத்துக்கு மேல் அதுவும் இல்லை. சங்கத்தில் கேட்டால், பெட்டியிலிருந்து செய்தி எதுவும் வரவில்லை, வராததால் ஆபத்து ஒன்றும் இருக்காது என்றார்கள். இதைச் சொன்னவர் என்னை உட்காரச் சொன்ன அதே பஞ்சாயத்தார். நான் அவரிடம் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. அதன் பிறகுதான் படகுகளைத் தேட அனுப்பினார்கள்.

சனிக்கிழமை அந்தி சாய்வதற்குள் நாகப்பட்டினம் பக்கத்துப் படகு ஒன்று அவர்களைக் கட்டி இழுத்து வந்துவிட்டது. எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். நடந்ததை அண்ணன் மருத்துவமனை வராந்தாவில் சொன்னார்.

புதன்கிழமை மதியம் இன்ஜின் நின்றிருக்கிறது. சரிபார்க்க இறங்கிய அண்ணியின் தம்பி, ஓட்டிப் பார்க்கும்போது பெல்ட்டில் வலது கையை விட்டுவிட்டான். இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அண்ணன் பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. கேட்டுவிட்டார்கள், வந்துவிடுவார்கள் என்று கையில் துணி சுற்றி, காத்திருந்தார்கள். அன்று சாயந்தரம் தூரத்தில் இரண்டு படகுகள் போயின. அவற்றுக்குத் துணி காட்டவில்லை, நெருப்புக் காட்டவில்லை. நமக்குத்தான் ஆள் வருகிறதே, அவர்கள் தொழிலைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்கள். மேல்காற்று படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. மறுநாள் மறுபடி அழுத்தினார். மறுபடி பச்சை. வெள்ளிக்கிழமை அந்தப் பையனுக்குக் காய்ச்சல் ஏறியது.

விரல்கள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். முதல் நாளே வந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அண்ணி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. இன்னும் அந்தக் குங்குமத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாத இடம், சொல்லக் கூடாத நேரம். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்ன. ஆனா மேடையில அவரு உக்காந்திருந்தாரே. எங்க சார் சொன்னா அது தப்பாவே இருக்காதுன்னு நீதான வருஷம் பூரா சொல்லுவ."



மறுநாள் படகிலிருந்து பெட்டியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, அண்ணன் வீட்டுத் தரையில் வைத்துப் பிரித்தேன். நான்கு திருகு. உள்ளே மலிவான செல்போன் ஒன்றின் பலகை, ஒரு சிம் கார்டு, கனம் தெரிவதற்காக ஒட்டிய இரும்புத் துண்டு. பொத்தானிலிருந்து பச்சை விளக்குக்கு நேராக ஒரு கம்பி. அழுத்தினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். கரையோரம் டவர் கிடைக்கிற தூரத்துக்குள் அது போன் அடிக்கும். கூடத்தில் அடித்தது அப்படித்தான். ஆழ்கடலில் அது வெறும் டப்பா. ஒளியை விட வேகம் என்று அந்தக் கம்பெனிக்காரன் காட்டிய வித்தையைக்கூட ஒளியின் வேகத்தில் போகும் அலைதான் செய்து கொடுத்திருக்கிறது.

பிரித்த பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். பெட்டியை மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். "அநியாயம்" என்றார்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல சார்?"

அவர் சொன்னார், தான் வேகத்தைப் பற்றி எதுவும் பேசவில்லையே என்று. விஞ்ஞானத்தைப் பற்றிப் பொதுவாகத்தான் பேசினாராம். மரியாதையாகக் கூப்பிட்டார்களாம், சபையில் ஒருவரை அவமானப்படுத்துவது தன் பழக்கம் இல்லையாம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு பொய்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போலீஸில் புகார் கொடுக்கப் போகிறேன், இந்தக் கருவி சொல்வது இயற்கையிலேயே நடக்காது என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது, அதனால்தான் அவர்கள் உங்களை மேடையில் வைத்தார்கள் என்றேன். இந்த வயசில் ஸ்டேஷன், கோர்ட் என்று அலைய முடியாது என்றார். வேண்டுமானால் எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம் என்று குறித்துத் தருகிறேன் என்றார்.

"அது எனக்குத் தெரியும் சார். நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க" என்றேன். காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அதன்பின் அவரோடு பேசவில்லை. பழைய மாணவர்கள் வாட்ஸாப் குழுவில் அவர் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள், நான் சொல்வதில்லை. அது சின்னத்தனம் என்று தெரியும். ஆனாலும் சொல்வதில்லை.

புகாருக்கு என்னோடு அண்ணன் வந்தார். பஞ்சாயத்தார் வரவில்லை. கூட்டம் போட்டது நாம், ஊர்ப் பெயர் கெடும் என்று பின்வாங்கிவிட்டார்கள். ஸ்டேஷனில் எழுதுகிறவர் பொறுமையான மனிதர். கேட்டுக்கொண்டு, "ஒளியை விட வேகமாகச் செல்லும் என்று விற்கப்பட்ட கருவி, அவ்வாறு செல்லவில்லை" என்று எழுதினார்.

"அப்படி எழுதாதீங்க" என்றேன். "செல்லவில்லைன்னா ஏதோ பழுதுன்னு ஆயிரும். வேற பெட்டி மாத்தித் தந்துட்டாச் சரியாயிரும்னு ஆயிரும். பழுது இல்ல இது. செல்லவே முடியாது."

முடியாது என்று யார் சொன்னது, சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, எழுத வேண்டும் என்பதற்காகக் கேட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். படகு, மேல்தளத்தில் நடப்பவர், விளக்கு, டீசல் என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் நான் தடுமாறிய ஒரு இடத்தில், "தண்ணி இழுக்கலைங்க, ஒண்ணுமே இல்லாத இடத்துலயும் அப்படித்தானாம்" என்று அண்ணன் எடுத்துக் கொடுத்தார். பாதிதான் புரிந்தது என்று சொன்னவர். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

எழுதுகிறவர் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இயற்கையில் எக்காலத்திலும் இயலாத ஒன்றை இயலும் என்று தெரிந்தே பொய் கூறி விற்றதால் ஒருவருக்கு உடல் ஊனம் ஏற்பட்டது என்று முடித்தார். அடியில் என் பெயரும் என் படிப்பும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனும் போட்டார்.

கம்பெனிக்காரரை இன்னும் பிடிக்கவில்லை. அந்தப் பெயரில் ஒரு கம்பெனியே இல்லை என்கிறார்கள். அண்ணன் மறுபடி வயர்லெஸ் செட்டை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறார். அண்ணியின் தம்பி இடது கையால் எழுதப் பழகி, மீன் ஏலம் போடும் இடத்தில் சீட்டு எழுதுகிறான். எங்கள் ஊரில் ஏழு படகுகளில் அந்தச் சாம்பல் பெட்டி இன்றைக்கும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டுமே, ஒரு தைரியம்தானே என்கிறார்கள்.